வாசகர் வட்டத்துக்கும் சின்ன நூலகத்துக்கும் புத்தகம் எங்கே கிடைக்கும்? வடசென்னையிலிருந்து கேள்வி பதில்

தண்டையார்பேட்டையில் ஒரு வாசகர் வட்டம் நடத்துகிறோம். மாதத்தின் இரண்டாவது ஞாயிறு சாயங்காலம் கூடி, எல்லோரும் படித்துவிட்டு வந்த ஒரு புத்தகத்தைப் பற்றிப் பேசுவோம். வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, எண்ணூர் என்று பக்கத்துப் பகுதிகளில் இதேபோல் தொடங்க நினைப்பவர்கள் எங்களிடம் வந்து விவரம் கேட்பார்கள். மீஞ்சூர், பொன்னேரி, பழவேற்காடு பக்கம் ஊரில் நூறு இருநூறு புத்தகத்தோடு சின்ன நூலகம் வைத்திருப்பவர்களும் கேட்பார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லும்போது ஏதாவது ஒன்று விட்டுப்போகிறது. அதனால் எழுதி வைக்கிறேன்.

வட்டம் தொடங்க எத்தனை பேர் வேண்டும்?

நான்கு பேர் போதும். பன்னிரண்டுக்கு மேல் போனால் பேசுகிறவர்களே பேசிக்கொண்டிருப்பார்கள், மற்றவர்கள் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். பேனர், லெட்டர்பேட், பதிவு எதுவும் முதலில் வேண்டாம். நாள் மட்டும் மாறக்கூடாது. இரண்டாவது ஞாயிறு ஐந்து மணி என்றால் மழை பெய்தாலும் அதுதான். எங்கள் வட்டம் தொடங்கிய புதிதில் "இந்த மாதம் மட்டும் தள்ளி வைப்போம்" என்று இரண்டு முறை தள்ளினோம். மூன்றாவது மாதம் நானும் இன்னொருவரும் மட்டும்தான் உட்கார்ந்திருந்தோம்.

அரசு நூலகத்துக்குள்ளேயே கூடலாமா?

கூடலாம். பொது நூலகத் துறையின் நூலகங்களில் வாசகர் வட்டம் என்ற அமைப்பு ஏற்கெனவே உண்டு. அதற்குத் தலைவர் இருப்பார், நூலகரும் அதில் இருப்பார். சில கிளைகளில் அது மாதம் தவறாமல் நடக்கிறது, சில கிளைகளில் பெயரளவில் இருக்கிறது. உங்கள் கிளையில் உறங்கிக்கொண்டிருந்தால் புதிதாக ஒன்றைத் தொடங்குவதைவிட இருப்பதை எழுப்புவது எளிது. நூலகரிடம் போய், "சார், வாசகர் வட்டத்தில் நாங்கள் ஆறு பேர் சேர்கிறோம், மாதம் ஒரு கூட்டம் நாங்களே நடத்துகிறோம்" என்று ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுங்கள். வாயால் சொல்வது நின்றுவிடும், கடிதம் கோப்பில் இருக்கும்.

நேரம் பார்த்துப் போங்கள். பல கிளை நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமை வார விடுமுறை, ஞாயிறு திறந்திருக்கும். அதுதான் வேலைக்குப் போகிறவர்களுக்கு வசதி.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். வடசென்னையின் கிளை நூலகங்களில் பெரும்பாலான நாற்காலிகளில் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் இருப்பார்கள். வீட்டில் ஓர் அறை, அதில் ஐந்து பேர், டிவி சத்தம் என்று இருக்கிற பிள்ளைக்கு அந்த நாற்காலிதான் படிப்பறை. நாங்கள் முதல் கூட்டத்தை உள்ளேயே போட்டு, பேச்சு சூடு பிடித்து, சத்தம் ஏறியது. மூலையில் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண் எழுந்து வந்து, "அண்ணா, அடுத்த வாரம் எனக்கு எக்ஸாம்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அன்றிலிருந்து தாழ்வாரத்தில் பாய் போட்டு உட்காருகிறோம். தாழ்வாரம் இல்லாத கிளை என்றால் நூலகம் மூடும் நேரத்துக்குச் சற்று முன்னால் புத்தகம் எடுத்துக்கொண்டு, பக்கத்துப் பூங்காவிலோ சமூக நலக்கூடத்திலோ பேசுங்கள்.

நூலகத்தில் இவ்வளவு உரிமையாகக் கேட்கலாமா? தயக்கமாக இருக்கிறதே?

தயங்கவே வேண்டாம். உங்கள் வீட்டுச் சொத்து வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், அதில் நூலக வரி என்று ஒன்று இருக்கும். சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு வீதம் நூலகத்துக்கென்றே வசூலாகிறது. வாடகை வீட்டில் இருப்பவர்கள் கொடுக்கிற வாடகைக்குள்ளும் அது அடங்கியிருக்கிறது. இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தது 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம். சுதந்திரத்துக்குப் பிறகு இந்திய மாநிலங்களில் வந்த முதல் நூலகச் சட்டம் அதுதான். அதற்காகப் பல ஆண்டுகள் பாடுபட்டவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். கணித ஆசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானவர். 1931இல் அவர் நூலகங்களுக்கென்று எழுதிய ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது. பூட்டிய பீரோவைக் காட்டி "புத்தகம் பத்திரமாக இருக்கிறது" என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த விதிதான் நினைவுக்கு வரும்.

உறுப்பினராவது எப்படி?

முகவரிச் சான்று, போட்டோ, திரும்பக் கிடைக்கக்கூடிய ஒரு சிறு காப்புத் தொகை, ஆண்டுச் சந்தா. தொகை எவ்வளவு என்பது எத்தனை புத்தகம் எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது, கிளையிலேயே சொல்வார்கள். ஒரு வேளை பிரியாணி வாங்கும் காசுக்குள் முடிந்துவிடும். வாடகை வீடு மாறி மாறிப் போகிறவர்களுக்கு முகவரிச் சான்றில் சிக்கல் வரும். ஆதாரில் பழைய முகவரி இருந்தால் நூலகரிடம் நேராகச் சொல்லி என்ன வழி என்று கேளுங்கள். உங்கள் வட்டத்தில் ஏற்கெனவே உறுப்பினராக இருப்பவர் உடன் வந்தால் பேச்சு சுலபமாக முடியும்.

ஒரே புத்தகம் பத்து பேருக்கு வேண்டும். எங்கே போவது?

இதுதான் எல்லா வட்டங்களும் முட்டி நிற்கிற இடம். கிளை நூலகத்தில் ஒரு தலைப்புக்கு ஒரு பிரதி இருக்கும், அதிர்ஷ்டம் இருந்தால் இரண்டு. எட்டு வருட அனுபவத்தில் எங்களுக்குக் கைகொடுத்த வழிகளைச் சொல்கிறேன்.

முதல் வழி, ஆளுக்கொரு கிளை. அரசு கொள்முதல் செய்யும் புத்தகங்கள் பல நூலகங்களுக்குப் பிரித்து அனுப்பப்படுகின்றன. அதனால் தண்டையார்பேட்டைக் கிளையில் இருக்கும் புத்தகம் திருவொற்றியூரிலும் பெரம்பூரிலும் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. எங்கள் உறுப்பினர்கள் வேண்டுமென்றே வெவ்வேறு கிளைகளில் அட்டை வாங்கியிருக்கிறார்கள். ராயபுரத்தில் வேலை செய்பவர் ராயபுரத்தில், கொடுங்கையூரில் வீடு இருப்பவர் கொடுங்கையூரில். அடுத்த புத்தகம் முடிவானதும் அவரவர் கிளையில் தேடி வாட்ஸ்அப்பில் "இருக்கு" "இல்லை" என்று போடுவார்கள். ஐந்து பிரதி சேர்ந்துவிட்டால் போதும், இரண்டு பேருக்கு ஒன்று. ஒருவர் முதல் பத்து நாள், மற்றவர் அடுத்த பத்து நாள், இடையில் ஒருமுறை புதுப்பித்தல்.

அதுவும் போதாவிட்டால் அண்ணா சாலையில் இருக்கும் தேவநேயப் பாவாணர் மாவட்ட மைய நூலகம். சென்னையின் கிளைகளுக்கெல்லாம் அதுதான் தாய் நூலகம். தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் மாறாமல் எல்ஐசி நிலையத்தில் இறங்கிவிடலாம். 2021இல் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்த பிறகுதான் எங்கள் பகுதிப் பெண்கள் தனியாக அங்கே போய் வரத் தொடங்கினார்கள். அதற்கு முன் இரண்டு பஸ் மாற வேண்டும், திரும்பும்போது இருட்டிவிடும்.

இரண்டாவது வழி, நாவலை விட்டுச் சிறுகதைக்குப் போவது. ஒரு தொகுப்பில் பதினைந்து கதை இருந்தால் அதை மூன்று மாதத்துக்கு வைத்துக்கொள்ளலாம். கூட்டத்திலேயே ஒரு கதையைச் சத்தமாக வாசித்துவிட்டுப் பேசினால் ஒரே பிரதி போதும். படிக்க நேரமில்லாமல் வந்தவரும் பேச்சில் கலந்துகொள்வார். எங்கள் கூட்டங்களில் நன்றாக அமைந்தவை பெரும்பாலும் இப்படி வாசித்துப் பேசியவைதான்.

மூன்றாவது, பழைய புத்தகக் கடை. மூர் மார்க்கெட் 1985இல் தீயில் எரிந்த பிறகு அங்கிருந்த வியாபாரிகள் பலர் பக்கத்திலேயே அல்லிக்குளம் வளாகத்துக்குப் போனார்கள். சென்ட்ரலில் இறங்கி நடந்தால் வந்துவிடும். ஒரே தலைப்பில் பத்து கிடைக்காது. ஆனால் "இந்த எழுத்தாளர் எது வந்தாலும் எடுத்து வையுங்கள் அண்ணே" என்று சொல்லி வைத்தால் எடுத்து வைப்பார்கள்.

நான்காவது, ஜனவரியில் நடக்கும் சென்னை புத்தகக் காட்சி. 1977இலிருந்து நடக்கிறது, விலையில் பத்து சதவீதம் கழிவு வழக்கம். வட்டமாகச் சேர்ந்து ஒரே தலைப்பில் பத்து பிரதி வாங்குகிறோம் என்று பதிப்பகத்தின் கடையில் பேசினால் சிலர் இன்னும் கொஞ்சம் குறைப்பார்கள். கடைசி இரண்டு நாள் போங்கள். படித்து முடித்ததும் அந்தப் பத்தையும் ஒரு பையில் கட்டி அடுத்த வட்டத்துக்குக் கொடுத்துவிடுங்கள். எங்களிடமிருந்து போன ஒரு பை வியாசர்பாடி, புளியந்தோப்பு சுற்றி, இப்போது பொன்னேரிப் பக்கம் இருக்கிறது. இரண்டு புத்தகத்தின் அட்டை கிழிந்துவிட்டது. கிழியட்டும், படிக்கப்பட்டிருக்கிறது.

காசு இருக்கிறது, நேராகக் கடையில் வாங்கிக்கொள்கிறோம். நூலகம் எதற்கு?

வாங்குங்கள், பதிப்பகங்களும் பிழைக்க வேண்டும். ஆனாலும் மாதம் ஒன்றாவது நூலகத்தில் எடுங்கள். புத்தகத்தின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டைக் கவனித்திருக்கிறீர்களா? ஒருமுறை நாங்கள் எடுத்த நாவலின் சீட்டில் கடைசி முத்திரை 2009ஆம் ஆண்டு ஆகஸ்டில் விழுந்திருந்தது. அட்டையில் தூசி, உள்ளே தாள் புதுசு. நாங்கள் ஆறு பேர் மாற்றி மாற்றி எடுத்து, நான்கு மாதத்தில் அந்தச் சீட்டில் ஆறு முத்திரை விழுந்தது. அடுத்த வருடம் அதே எழுத்தாளரின் இன்னும் இரண்டு புத்தகம் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தபோது நூலகர் அந்தச் சீட்டைத்தான் பிரித்துப் பார்த்தார். யாரும் எடுக்காத புத்தகம் கழிவுக் கட்டுக்குப் போகும், யாரும் கேட்காத புத்தகம் வந்து சேராது. பரிந்துரைக்க ஒரு பதிவேடு இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், விலை நான்கையும் எழுதிக் கடிதமாகக் கொடுங்கள்.

வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் அனுப்பிக்கொள்ளலாமா?

பதிப்புரிமையில் இருக்கும் புத்தகத்தை அனுப்பக்கூடாது. எங்கள் குழுவில் இதற்கு விலக்கே கிடையாது. தமிழில் ஒரு நாவல் ஆயிரம் பிரதி விற்பதே பாடாக இருக்கிற நிலையில், வாசிக்கிறவர்களே அந்தக் காசைத் தடுத்தால் யார் எழுதுவார்கள்?

எது பொது என்று தெரிந்துகொள்வது கடினமில்லை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி எழுத்தாளரின் வாழ்நாளும், அவர் இறந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டுகளும் உரிமை இருக்கும். 1965இல் இறந்தவரின் எழுத்து 2025 டிசம்பர் 31 வரை உரிமையில் இருக்கும், அதன் பிறகு எல்லோருக்கும் பொது. மொழிபெயர்ப்பு என்றால் மொழிபெயர்த்தவருக்கும் தனி உரிமை உண்டு, அதையும் பாருங்கள். அப்புறம் தமிழுக்கே உள்ள ஒரு நல்ல வழக்கம், நாட்டுடைமை. அரசு எழுத்தாளரின் குடும்பத்துக்குப் பரிவுத்தொகை கொடுத்து, எழுத்துகளை யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்று ஆக்கிவிடுகிறது. பாரதியாரில் தொடங்கி ஏராளமானவர்களின் நூல்கள் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. இவற்றை ஜெராக்ஸ் எடுத்துப் பத்து பேருக்குக் கொடுக்க யாரையும் கேட்க வேண்டாம்.

கூட்டத்தில் ஒரு பகுதியைச் சத்தமாக வாசிப்பதற்குப் பயப்படாதீர்கள், நியாயமான அளவு வாசிக்கச் சட்டமே இடம் தருகிறது. விலைக்கே கிடைக்காத நூலாக இருந்தால், லாப நோக்கமில்லாத பொது நூலகம் தன் தேவைக்கு மூன்று பிரதி வரை எடுத்துக்கொள்ளவும் வழி இருக்கிறது.

போனில் படிக்க நல்ல இடங்கள் எவை?

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் முதலில். நாட்டுடைமை நூல்கள், பழைய இதழ்கள், அரிய நூல்கள் எல்லாம் காசில்லாமல் கிடைக்கும். மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கித் தன்னார்வலர்களாலேயே நடக்கிறது. சங்க இலக்கியத்திலிருந்து பழைய நாவல் வரை அதில் இருக்கிறது, எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கலாம் என்பதால் எங்கள் வட்டத்துப் பெரியவர்களுக்குப் பிடித்தது. ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில் இப்போது எழுதுகிறவர்கள் தாங்களாகவே பகிர அனுமதித்த நூல்கள் இருக்கின்றன. குழந்தைகளுக்கு ஸ்டோரிவீவர். பிரதம் புக்ஸ் நடத்துவது, படக்கதைகளைத் தமிழில் இறக்கி அச்சடித்துக்கொள்ள அனுமதி உண்டு. வியாசர்பாடியில் ஒரு மாலை வகுப்பில் இதிலிருந்து எடுத்த கதைகளைப் பிள்ளைகளே தைத்துச் சின்னப் புத்தகமாக ஆக்கி வைத்திருக்கிறார்கள்.

கன்னிமாராவுக்கும் கோட்டூர்புரத்துக்கும் எப்போது போக வேண்டும்?

எங்கே தேடியும் கிடைக்காத புத்தகத்துக்குக் கன்னிமாரா. 1896இல் திறந்த நூலகம். நூல்கள் வழங்கல் சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் நூல்களின் பிரதி போய்ச் சேர வேண்டிய நான்கு நூலகங்களில் ஒன்று, மற்ற மூன்றும் கொல்கத்தா, மும்பை, டெல்லியில் இருக்கின்றன. சென்ட்ரலில் மெட்ரோ மாறி எழும்பூரில் இறங்குங்கள். நம் மண்ணடியில் லிங்கிச் செட்டித் தெருவில் 1958இல் தொடங்கிய மறைமலையடிகள் நூல்நிலையமும் இப்போது அந்த வளாகத்தில்தான் இருக்கிறது. அது வடசென்னையை விட்டுப் போனதில் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு. ஆனால் புத்தகங்கள் நல்ல கூரைக்குக் கீழே இருக்கின்றன.

கோட்டூர்புரத்தில் 2010இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகள் பகுதியும் பிரெயில் பகுதியும் பார்க்க வேண்டியவை. வருடத்துக்கு ஒருமுறை வட்டமாகவே போய் ஒரு நாள் முழுக்க இருந்துவிட்டு வாருங்கள். பழைய இதழ்கள், நூறு வருடத்துக்கு முந்தைய அச்சு என்று யாராவது ஆராயத் தொடங்கினால் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம்.

எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், கண் சரியாகத் தெரியாதவர்கள் வரலாமா?

வரவேண்டும். காசிமேட்டில் மீன் விற்கிற ஒரு பாட்டி ஒருநாள் எங்கள் கூட்டத்துக்கு வந்தார். பேத்தியைக் கூட்டிப்போக வந்தவர், உட்கார்ந்துவிட்டார். அன்று வாசித்தது கடலோரக் கதை. பாதியில் கையைத் தூக்கி, "நிறுத்துப்பா, அந்த மாசத்துல கொண்டல் அடிக்காது, வாடைதான் அடிக்கும்" என்றார். கதை எழுதியவருக்குத் தெரியாத ஒன்று அன்று எங்களுக்குத் தெரிந்தது. அடுத்த மாதத்திலிருந்து ஒவ்வொரு கூட்டத்திலும் முதல் அரை மணி வாசிப்புக்கு என்று ஒதுக்கிவிட்டோம்.

நூலகத்துக்கே வர முடியாதவர்களுக்கு, தன்னார்வலர்கள் வீட்டுக்குப் புத்தகம் கொண்டுபோய்க் கொடுக்கும் நூலக நண்பர்கள் திட்டம் இருக்கிறது. முதியவர்கள், மாற்றுத்திறனாளிகள், கைக்குழந்தையோடு இருப்பவர்கள் யாராவது உங்கள் தெருவில் இருந்தால் கிளையில் சொல்லுங்கள். நீங்களே தன்னார்வலராகப் பெயர் கொடுத்தால் இன்னும் நல்லது.

ஊரில் ஒரு நூலகம் பூட்டிக் கிடக்கிறது. யாரிடம் கேட்பது?

முதலில் அது யாருடையது என்று பாருங்கள். பலர் இங்கேதான் அலைகிறார்கள். ஊர்ப்புற நூலகம், பகுதி நேர நூலகம் என்று பலகை இருந்தால் அது பொது நூலகத் துறையுடையது. உங்கள் மாவட்ட நூலக ஆணைக்குழுவில், மாவட்ட நூலக அலுவலரிடம் மனு கொடுக்க வேண்டும். மீஞ்சூர், பொன்னேரிப் பக்கம் என்றால் திருவள்ளூர் மாவட்டம், சென்னை அலுவலகத்துக்கு வந்து பயனில்லை. ஊராட்சி அலுவலகத்துக்குப் பக்கத்தில் சின்னக் கட்டடமாக இருந்தால் அது பெரும்பாலும் 2006இல் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் கட்டியது. அதன் பொறுப்பு ஊராட்சியிடம். தலைவரிடம் பேசுங்கள், கிராம சபையில் எழுப்புங்கள், தீர்மானமாக எழுத வையுங்கள்.

மனுவில் "நூலகத்தைத் திறக்க வேண்டும்" என்று மட்டும் எழுதாதீர்கள். எந்தெந்த நாள் எத்தனை மணிக்கு, சாவி யாரிடம், எத்தனை பிள்ளைகள் வரத் தயார் என்று எழுதினால் முடியாது என்று சொல்வது கடினம். கட்டடமே இல்லையென்றாலும் நின்றுவிடாதீர்கள். 1931இல் மன்னார்குடிப் பக்கம் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராகப் போன நூலகம் நடந்திருக்கிறது. இன்றைக்கு ஒரு டிவிஎஸ் எக்ஸெல்லில் ஐம்பது புத்தகம் ஏறும்.

நகரத்திலிருந்து புத்தகம் நன்கொடையாக அனுப்பலாமா?

அனுப்பலாம், ஆனால் வீட்டைக் காலி செய்வதற்காக அனுப்பாதீர்கள். பழவேற்காட்டுப் பக்கம் ஒரு சின்ன நூலகத்துக்கு மூன்று மூட்டை வந்தது. பிரித்தால் பாடத்திட்டம் மாறிப்போன கைடுகள், பழைய கம்ப்யூட்டர் புத்தகங்கள், யாரோ கம்பெனி ஆண்டு அறிக்கை. அந்தப் பிள்ளைகள் மூட்டையைச் சுற்றி உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து ஓரமாக வைத்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். என்ன வேண்டும் என்று முன்பே கேளுங்கள். பெரும்பாலும் வேண்டியவை: பெரிய எழுத்தில் படக்கதை, அகராதி, சிறுகதை, சமையல், தையல், மீன்வளம், விவசாயம், பத்தாம் வகுப்புக்கு இப்போதைய பாடநூல். நல்ல நிலையில் இருபது போதும், இருநூறு வேண்டாம்.

முந்நூறு புத்தகத்தை எப்படி அடுக்குவது?

பெரிய நூலகங்களில் பொருள்வாரியாகப் போடும் பகுப்பு எண் எதுவும் இப்போதைக்கு வேண்டாம். நீளமான ஒரு நோட்டு வாங்கி, வரிசை எண், தலைப்பு, ஆசிரியர், எப்படி வந்தது, வந்த தேதி என்று கோடு போடுங்கள். அதே எண்ணைப் புத்தகத்தின் உள்பக்கம் எழுதுங்கள். இதுதான் சேர்க்கைப் பதிவேடு. முதுகில் கலர் டேப்: கதைக்குச் சிவப்பு, குழந்தைகளுக்கு மஞ்சள், அறிவியலுக்கு நீலம், இப்படி ஐந்து நிறம் போதும். ஏழு வயதுப் பிள்ளையும் சரியான இடத்தில் திருப்பி வைக்கும். எடுத்துப் போனவர் பெயருக்குத் தனி நோட்டு. அபராதம் வைக்காதீர்கள். அபராதத்துக்குப் பயந்தவர்கள் புத்தகத்தோடு தாங்களும் வராமல் போய்விடுவார்கள்.

மழை, கடல் காற்று, பூச்சி?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் எங்கள் அலமாரியின் அடித்தட்டு முழுக்கத் தண்ணீரில் நின்றது. அன்றிலிருந்து அடித்தட்டைக் காலியாக விட்டிருக்கிறோம். அக்டோபர் பிறக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள். நனைந்த புத்தகத்தை வெயிலில் போடாதீர்கள், தாள் முறுக்கிக்கொள்ளும். நிமிர்த்தி விசிறிபோல் விரித்து, ஃபேன் காற்றில் வைத்து, இடையிடையே அச்சில்லாத வெள்ளைத்தாள் செருகி, ஈரம் ஏறியதும் மாற்றுங்கள். வழுவழுப்பான தாள் உள்ள புத்தகம் ஒட்டிக்கொள்ளும், அதை முதலில் கவனியுங்கள். காய்ந்த வேப்பிலையும் வசம்பும் துணியில் முடிந்து தட்டுக்கொன்று வைப்போம். சுவரை ஒட்டி அலமாரி வேண்டாம், நான்கு விரல் இடம் விடுங்கள்.

பணம் எங்கிருந்து வரும்?

அரசுக் கிளை நூலகம் என்றால் 1000 ரூபாய் கொடுத்துப் புரவலராகச் சேரலாம். கல்யாண நாள், பிறந்த நாளுக்கு இதைச் செய்ய வைப்பது எங்கள் வட்டத்தில் பழக்கமாகிவிட்டது. சொந்தமாக நடத்தும் நூலகம் நிதி உதவி கேட்க வேண்டுமானால் முதலில் சங்கமாகப் பதிவு செய்யுங்கள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் ஏழு பேர் வேண்டும். வரவு செலவை முதல் ரூபாயிலிருந்து எழுதி வைத்திருந்தால், கொல்கத்தாவில் 1972இல் அமைந்த ராஜா ராம்மோகன் ராய் நூலக அறக்கட்டளை போன்றவற்றின் உதவித் திட்டங்களுக்கு விண்ணப்பிக்கத் தகுதி வரும். மாநில நூலகத் துறை வழியாகத்தான் போக வேண்டியிருக்கும், பொறுமை வேண்டும்.

முதல் கூட்டத்தில் என்ன செய்வது?

வட்டமாக உட்காருங்கள், மேடை வேண்டாம், தலைமையுரை வேண்டாம். யாராவது முதல் பக்கத்தைச் சத்தமாக வாசிக்கட்டும். "எந்த இடத்தில் நிறுத்திவிட்டு யோசித்தீர்கள்?" என்று கேளுங்கள். "கருத்து என்ன?" என்று கேட்டால் எல்லோரும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல் பதில் சொல்வார்கள். பேசாதவரை வற்புறுத்தாதீர்கள், மூன்றாவது கூட்டத்தில் தானாகப் பேசுவார். ஒன்றரை மணி நேரம், நடுவில் டீ. எழுவதற்கு முன் அடுத்த புத்தகம் எது, அதை யார் எந்தக் கிளையில் தேடுகிறார்கள் என்று நோட்டில் எழுதிவிடுங்கள்.